நீச்சல் குள ஃபில்டர்: எப்போது கழுவ வேண்டும், எப்படிக் கழுவ வேண்டும்

தண்ணீர் கலங்கினால் கை முதலில் போவது குளோரின் டப்பாவுக்குத்தான். குளோரின் கிருமியைக் கொல்லும், பாசியைக் கொல்லும். செத்ததைத் தூக்கி வெளியே போடாது. அந்த வேலை ஃபில்டருடையது. குளோரினும் பி.எச். அளவும் சரியாக இருந்தும் தண்ணீர் மங்கலாகவே நிற்கிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபில்டரைத்தான்.

அப்படியானால் அடிக்கடி கழுவிவிட்டால் போதுமே என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். கழுவாமல் விட்டு ஃபில்டரைக் கெடுப்பவர்கள் ஒரு பக்கம், கழுவிக் கழுவியே கெடுப்பவர்கள் மறுபக்கம். எப்போது கழுவ வேண்டும் என்பதைக் காலண்டர் சொல்லாது. ஃபில்டரின் தலையில் இருக்கும் பிரஷர் கேஜ் சொல்லும்.

## உங்களிடம் இருப்பது எந்த ஃபில்டர்?

மூன்று வகைதான் புழக்கத்தில் உண்டு. உருண்டையான தொட்டி, மேலேயோ பக்கவாட்டிலோ ஐந்தாறு நிலைகள் எழுதிய கைப்பிடி இருந்தால் பெரும்பாலும் மணல் ஃபில்டர். உயரமான தொட்டி, நடுவில் ஒரு பட்டை போட்டு இறுக்கியிருக்கிறது, பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் செலுத்தி அழுக்கை வெளியேற்றுவது) செய்யும் கைப்பிடி கிடையாது என்றால் கார்ட்ரிட்ஜ் ஃபில்டர். அதே மாதிரியான தொட்டியில் பேக்வாஷ் வால்வும் இருந்து, வெள்ளை மாவு போடும் வழக்கமும் இருந்தால் அது டி.இ. (டயாட்டம் மண்) ஃபில்டர்.

பிடிக்கும் அளவில் மூன்றுக்கும் நல்ல வித்தியாசம். மணல் சுமார் 20 முதல் 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள துகள்களைப் பிடிக்கும். கார்ட்ரிட்ஜ் 10 முதல் 20 மைக்ரான். டி.இ. 3 முதல் 5 மைக்ரான் வரை இறங்கும். நம் வெறும் கண்ணுக்கு 40 மைக்ரானுக்குக் கீழே எதுவும் தனித்தனியாகத் தெரியாது. அதனால் தண்ணீர் கண்ணாடி போல் இருப்பதை வைத்து எல்லாம் வடிகட்டப்பட்டுவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி 4 முதல் 6 மைக்ரான்தான். வழக்கமான குளோரின் அளவில் பத்து நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். மணல் ஃபில்டர் தனியாக அதைப் பிடிக்காது. வயிற்றுப்போக்கு இருப்பவரைக் குளத்தில் இறக்காதே என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

## கேஜைப் படிக்கப் பழகுங்கள்

ஃபில்டர் நன்றாகச் சுத்தமாக இருக்கும்போது, பம்ப் ஓடிக்கொண்டிருக்கையில் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் ஃபில்டரின் சுத்தமான அழுத்தம். ஒரு குளத்தில் அது 10 பி.எஸ்.ஐ. (கேஜ் காட்டும் அழுத்த அலகு) ஆக இருக்கும், இன்னொன்றில் 18. பம்பின் சக்தி, குழாயின் தடிமன், எத்தனை முழங்கை வளைவுகள் என்பதையெல்லாம் பொறுத்தது. பக்கத்துக் குளத்தின் எண் உங்களுக்கு உதவாது. அழியாத மார்க்கரால் உங்கள் எண்ணைத் தொட்டியின் மேலேயே எழுதிவையுங்கள்.

அதிலிருந்து 8 முதல் 10 பி.எஸ்.ஐ. ஏறினால், அதாவது ஏறக்குறைய 0.5 முதல் 0.7 பார் ஏறினால், கழுவும் நேரம். சுத்தமான அழுத்தம் 12 என்றால் 20 முதல் 22-க்குள் கழுவ வேண்டும். அழுத்தமே குறைவாக இருக்கும் சிறிய அமைப்புகளில் இந்தக் கணக்கு ஒத்துவராது; அங்கே 25 சதவீத உயர்வை எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு இடங்களில் ஏமாறாமல் இருக்க வேண்டும். வேகத்தை மாற்றக்கூடிய பம்ப் வைத்திருப்பவர்கள் குறைந்த வேகத்தில் பார்த்துவிட்டு ஃபில்டர் சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். வேகம் குறைந்தால் அழுத்தமும் குறையும். எந்த வேகத்தில் அடிப்படை எண்ணை எடுத்தீர்களோ, எப்போதும் அதே வேகத்தில் பாருங்கள். அடுத்தது, கேஜே கெட்டுப்போயிருக்கலாம். பம்பை நிறுத்திக் காற்றுத் திருகைத் திறந்த பிறகும் முள் பூஜ்யத்துக்கு வராமல் நடுவிலேயே நின்றால் அதை நம்பாதீர்கள். மாற்றிவிடுங்கள், ஃபில்டரில் இதைவிடச் சின்ன, இதைவிட அவசியமான உதிரிபாகம் கிடையாது.

## ஏன் அடிக்கடி கழுவக் கூடாது?

புதிதாகக் கழுவிய மணலில் துகள்களுக்கு நடுவே இடைவெளி தாராளமாக இருக்கும். நுண்ணிய அழுக்கு அதன் வழியே நழுவிப்போய்விடும். ஓடஓட, பிடிபட்ட அழுக்கே அந்த இடைவெளிகளைக் குறுக்கி, மணலைவிட நுணுக்கமான வடிகட்டியாக வேலை செய்ய ஆரம்பிக்கும். கொஞ்சம் அழுக்கான மணல் ஃபில்டர் புத்தம் புதியதைவிட நன்றாகப் பிடிக்கும் என்பது முரணாகத் தோன்றினாலும் உண்மை. வாராவாரம் ஒரே நாளில் பேக்வாஷ் செய்பவர், அது நன்றாக வேலை செய்யத் தொடங்கும்போதெல்லாம் அதை ஆரம்ப நிலைக்கே இழுத்துவந்துவிடுகிறார். தண்ணீரும் வீண்: மணிக்கு 10,000 லிட்டர் தள்ளும் பம்ப் மூன்று நிமிட பேக்வாஷில் 500 லிட்டரை வெளியே கொட்டும், அதிலிருக்கும் குளோரினோடும் மற்ற மருந்துகளோடும் சேர்த்து.

## கை வைக்கும் முன்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஃபில்டர் தொட்டிக்குள் காற்று சிக்கினால் பம்ப் அதை அமுக்கும். அமுங்கிய காற்று விரியத் துடிக்கும். பட்டையைச் சரியாக இறுக்காத மூடி அந்த வேகத்தில் பிய்த்துக்கொண்டு பறந்து, எதிரே இருந்தவர்களுக்குப் பலத்த காயமும் உயிரிழப்பும் நேர்ந்திருக்கின்றன.

பம்பைச் சுவிட்சில் மட்டும் நிறுத்தினால் போதாது. டைமர் இருந்தால் நீங்கள் மூடியைத் திறந்து வைத்திருக்கும்போது அது தன் நேரத்துக்கு ஓடத் தொடங்கிவிடும். பிரேக்கரையே இறக்குங்கள். பிறகு தொட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைத் திறந்து, சீறல் அடங்கி, முள் பூஜ்யத்துக்கு வரும் வரை காத்திருங்கள். அதற்கு முன் பட்டையைத் தொடாதீர்கள். வேலை முடிந்து மறுபடி ஓடவிடும்போது காற்றுத் திருகைத் திறந்தே வைத்து, பிரேக்கரைப் போட்டுவிட்டு, தொட்டிக்கு எதிரே நிற்காமல் விலகி நில்லுங்கள். காற்று முழுக்கப் போய்த் தண்ணீர் சீராகப் பீய்ச்சிய பிறகே திருகை மூட வேண்டும்.

## மணல் ஃபில்டர்: பேக்வாஷ்

மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியைச் சுற்றி வழக்கமாக ஆறு நிலைகள்: ஃபில்டர், பேக்வாஷ், ரின்ஸ், வேஸ்ட், ரீசர்க்குலேட், க்ளோஸ்டு. பம்ப் ஓடும்போது இந்தக் கைப்பிடியை ஒரு நாளும் திருப்பாதீர்கள். உள்ளே சக்கரத்தின் கம்பிகள் மாதிரி விரிந்திருக்கும் ஸ்பைடர் கேஸ்கெட் தண்ணீர் வேகத்தில் பிதுங்கி இடம் மாறிவிடும். பிறகு ஃபில்டர் நிலையில் வைத்தாலும் கழிவுக் குழாய் வழியே தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும்.

1. குளத்தின் நீர்மட்டம் ஸ்கிம்மர் (குளத்தின் ஓரத்தில் மேல்நீரை உறிஞ்சும் திறப்பு) வாயின் நடுவுக்குக் குறையாமல் இருக்கட்டும். பேக்வாஷில் மட்டம் இறங்கும். மிகவும் இறங்கினால் பம்ப் காற்றை இழுக்கும்.

2. ஸ்கிம்மர் கூடையையும் பம்ப் கூடையையும் காலி செய்யுங்கள். கழிவுக் குழாயை முழுக்க விரித்துவிடுங்கள். மடிந்த குழாய் பின்னழுத்தம் கொடுக்கும்.

3. பம்பை நிறுத்தி, கைப்பிடியைக் கீழே அமுக்கி, பேக்வாஷுக்கு மெதுவாகத் திருப்பி, பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள்.

4. பம்பைப் போட்டுவிட்டு வால்வின் பக்கவாட்டிலுள்ள சிறிய கண்ணாடிக் குமிழைக் கவனியுங்கள். முதல் சில நொடிகள் தெளிவாகவே வரும். பிறகு பழுப்பாகவோ பச்சையாகவோ சாம்பலாகவோ மாறும். ஒரு நிமிடத்தில் வெளிறும்போதுதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். அடியிலிருந்து இன்னொரு அலை கிளம்பிக் குமிழ் மறுபடி கலங்கும். அதுவும் தெளிந்து, கையில் பிடித்த குடிநீர் மாதிரி ஆகும் வரை விடுங்கள். வழக்கமாக 2 முதல் 3 நிமிடம்.

5. பம்பை நிறுத்தி ரின்ஸுக்கு மாற்றுங்கள். 30 நொடி முதல் 1 நிமிடம் ஓடட்டும். இதைத் தவிர்த்தால் கிளறிவிடப்பட்ட அழுக்கின் மிச்சம் நேராகக் குளத்துக்குப் போகும். பேக்வாஷ் முடிந்ததும் குளத்துக்குள் புகை போல ஒரு மங்கல் கிளம்புவது பெரும்பாலும் இதனால்தான்.

6. மறுபடி நிறுத்தி, ஃபில்டர் நிலைக்குத் திருப்பி, ஓடவிட்டு, அழுத்தத்தைப் பாருங்கள். நீங்கள் எழுதிவைத்த எண்ணுக்கு அருகே வந்திருக்க வேண்டும்.

மிக அழுக்கேறியிருந்தால் நான்காம் ஐந்தாம் படிகளை இன்னொரு முறை செய்யலாம். வேகம் மாற்றும் பம்பானால் பேக்வாஷுக்கு வேகத்தைக் கூட்டுங்கள். மணல் படுகை மேலெழுந்து விரிந்தால்தான் சிக்கிய அழுக்கு விடும். மெதுவான ஓட்டத்தில் தண்ணீர் மணலை ஊடுருவிப் போகுமே தவிர, அதைக் கிளப்பாது. வெளியேறிய தண்ணீருக்கு ஈடாகப் புதுத் தண்ணீர் விட்டபின் குளோரினையும் பி.எச். அளவையும் சோதித்துவிடுங்கள். கழிவு நீரைக் குளம் குட்டைகளிலோ ஓடையிலோ விடக் கூடாது, அதிலிருக்கும் குளோரின் மீன்களைக் கொல்லும். உப்பு நீர்க் குளமாக இருந்தால் செடிகளுக்கும் ஆகாது.

வேஸ்ட் நிலை எதற்கு? செத்த பாசியையோ, படிகாரம் போட்டு அடியில் படியவைத்த கழிவையோ உறிஞ்சும்போது, அதை ஃபில்டருக்குள் விடாமல் நேராக வெளியேற்ற. அந்த மாவு மாதிரியான கழிவு மணலுக்குள் போனால் சில நிமிடங்களில் ஃபில்டரை அடைத்துவிடும்.

## மணலை எப்போது மாற்றுவது?

5 முதல் 7 ஆண்டுகள் என்பது வழக்கமான பரிந்துரை. என் கருத்தில், ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பார்த்து முடிவெடுப்பதே மேல். மேல் மணலில் ஒரு பிடி எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். துகள் துகளாக, சொரசொரப்பாக உதிர்ந்தால் மணல் நன்றாக இருக்கிறது. வழவழவென்று பிசுக்காக ஒட்டினால் சன்ஸ்கிரீனும் உடல் எண்ணெயும் ஏறியிருக்கின்றன. மணல் ஃபில்டர்களுக்கென்று விற்கும் சுத்திகரிப்பு மருந்தில் ஒரு இரவு ஊறவைத்து பேக்வாஷ் செய்தால் பல நேரம் சரியாகிவிடும். கட்டிகட்டியாக இறுகியிருந்தால் தண்ணீரின் கடினத்தன்மை கூடியதால் படிந்த சுண்ணாம்பு. கட்டிகளுக்கு நடுவே தண்ணீர் தனக்கென்று ஒரு சந்து போட்டுக்கொண்டு, வடிகட்டப்படாமலே போய்வரும். அப்போது மாற்றுவதைத் தவிர வழியில்லை.

வேண்டியது 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர் அளவுள்ள சலித்த சிலிக்கா மணல், 20-ஆம் எண் மணல் என்று கேட்பார்கள். ஆற்று மணலோ கட்டட மணலோ வேண்டாம். அளவு சீராக இருக்காது, களிமண்ணும் கலந்திருக்கும். அடி வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை வடித்து, பழைய மணலைக் கையாலோ சிறிய டப்பாவாலோ அள்ளுங்கள். மண்வெட்டி வேண்டவே வேண்டாம். அடியில் விரல்கள் மாதிரி விரிந்திருக்கும் லேட்டரல் குழாய்கள் மெல்லிய பிளாஸ்டிக். ஒன்று உடைந்தாலும் மணல் குளத்துக்குள் வந்துகொட்டும். இந்தச் சந்தர்ப்பத்தில் அவை ஒவ்வொன்றையும் விரிசல் உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

புது மணலைப் போடுமுன் தொட்டியைப் பாதிவரை தண்ணீரால் நிரப்புங்கள். விழும் மணலின் கனம் லேட்டரல்களில் நேராக இறங்காமல் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். நடுக்குழாயின் வாயை டேப் போட்டு மூடுங்கள், உள்ளே மணல் விழுந்தால் அதுவும் குளத்துக்குத்தான் போகும். நடுக்குழாய் சாயாமல் ஒருவர் பிடித்துக்கொண்டால் நல்லது. சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் உலர்ந்த மணலைக் கொட்டும்போது முகக்கவசம் போடுங்கள். தொட்டி லேபிளில் சொன்ன எடைக்கு மேல் ஒரு பிடியும் வேண்டாம். டேப்பைப் பிரித்தெடுத்து, மூடி, ஃபில்டர் நிலைக்குப் போகாமல் முதலில் பேக்வாஷ், அடுத்து ரின்ஸ். அதற்குப் பிறகு வரும் எண்தான் இனி உங்கள் புதிய சுத்தமான அழுத்தம்.

## கார்ட்ரிட்ஜ்

பேக்வாஷ் கிடையாது. முள் எல்லையைத் தொட்டதும் தொட்டியைத் திறந்து கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துக் கழுவ வேண்டும். சாதாரணத் தோட்டக் குழாய் போதும். முனையை 45 டிகிரி சாய்த்து, மேலிருந்து கீழாக, மடிப்பு மடிப்பாகச் சுற்றிவாருங்கள். உயரழுத்த வாஷரைக் கிட்டே கொண்டுவராதீர்கள். பாலியஸ்டர் நாரைக் கிழித்துவிடும், கிழிந்தது கண்ணுக்கும் தெரியாது. பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் அழுக்கு நாருக்குள் ஆழமாகத்தான் போகும்.

கழுவி முடித்து வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு மடிப்புகளைக் கட்டைவிரலால் விலக்கி அடி மடிப்பைப் பாருங்கள். வெளி விளிம்பு வெளுத்திருக்கும், உள்ளே மஞ்சள் கோடு ஓடும். அது எண்ணெய். தண்ணீரில் போகாது. 20 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப் டி.எஸ்.பி. என்கிற ட்ரைசோடியம் பாஸ்பேட் கரைத்து, அல்லது கார்ட்ரிட்ஜுக்கென்று விற்கும் திரவத்தில், இரவு முழுக்க மூழ்கியிருக்க வையுங்கள். மறுநாள் நுரையில்லாமல் அலசுங்கள். மிச்சம் பாஸ்பேட் குளத்துக்குப் போனால் பாசிக்குத் தீனி.

அதற்குப் பிறகும் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு இருந்தால் மட்டும் ஆசிட். ஒரு பங்கு மியூரியாட்டிக் ஆசிட்டுக்கு (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) 20 பங்கு தண்ணீர். தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, திறந்தவெளி கட்டாயம். குமிழி நின்றதும் எடுத்து அலசுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது: எண்ணெய் இருக்கும்போது ஆசிட் பட்டால் அந்த எண்ணெய் நாரோடு ஒட்டி இறுகிவிடும், பிறகு எதற்கும் அசையாது. ஆசிட் பட்ட வாளியில் குளோரின் படவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் விஷ வாயு.

இரண்டு கார்ட்ரிட்ஜ் செட் வைத்துக்கொண்டால் ஒன்று ஊறும்போது மற்றது ஓடும், குளம் நிற்காது. மடிப்புகள் தட்டையாகி ஒட்டிக்கொண்டாலோ, முனை மூடி விரிசல் விட்டாலோ, கழுவியும் அழுத்தம் இறங்காவிட்டாலோ மாற்றும் காலம். பயன்பாட்டைப் பொறுத்து அது 1 முதல் 3 ஆண்டு.

## டி.இ. ஃபில்டர்

டயாட்டம் என்ற நுண்பாசிகளின் புதைபடிவ ஓடுகளைப் பொடித்த வெள்ளை மாவுதான் இங்கே வடிகட்டுவது. உள்ளிருக்கும் துணித் தட்டிகள் அதைத் தாங்க மட்டுமே. பேக்வாஷ் செய்தால் மாவும் போய்விடும். உடனே புது மாவு போட வேண்டும், இல்லையென்றால் அழுக்கு நேராகத் துணியில் ஏறி அதைப் பாழாக்கிவிடும். ஒரு சதுர மீட்டர் வடிகட்டும் பரப்புக்குச் சுமார் அரை கிலோ. ஒரு வாளித் தண்ணீரில் பால் போலக் கரைத்து, பம்ப் ஓடும்போது ஸ்கிம்மர் வழியே கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மூக்கை மூடிக்கொள்ளாமல் இந்த மாவுப் பையைப் பிரிக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது தட்டிகளை வெளியே எடுத்துக் கழுவி, கிழிசல் பார்க்க வேண்டும். குளத்தில் மாவு மேகம் போல் கிளம்பினால் ஏதோ ஒரு தட்டி கிழிந்திருக்கிறது.

## அன்றாட வேலை

கூடைகளை நிரம்பும் முன் காலி செய்வது பாதி வேலை. ஓ-ரிங்குகளுக்கு (மூடிகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) சிலிகான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். வாஸ்லின் போன்ற பெட்ரோலியப் பசை ரப்பரை உப்பவைத்துப் பிசிறடிக்கும்.

ஓடும் நேரம் பற்றிப் பலரும் போடும் கணக்கு: 60,000 லிட்டர் குளம், மணிக்கு 10,000 லிட்டர் பம்ப், ஆறு மணி நேரத்தில் எல்லாத் தண்ணீரும் ஃபில்டர் வழியே வந்துவிடும் என்று. வராது. வடிகட்டிய தண்ணீர் வடிகட்டாததோடு கலந்துகொண்டே இருப்பதால் ஒரு சுற்றில் சுமார் 63 சதவீதம்தான் ஃபில்டரைத் தொடும். இரண்டு சுற்றில் 86, மூன்றில் 95. கலங்கிய குளம் ஒரே நாளில் தெளியவில்லை என்று மருந்தைக் கொட்டும் முன் இதை நினைவில் வையுங்கள்.

## முள் வேறு மாதிரி நடந்தால்

அழுத்தம் வழக்கத்தைவிடக் குறைந்தால் ஃபில்டர் அல்ல காரணம். பம்புக்குத் தண்ணீர் வரவில்லை. கூடைகள், நீர்மட்டம், பம்ப் மூடியின் ஓ-ரிங் என்ற வரிசையில் பாருங்கள். பம்பின் கண்ணாடி மூடிக்குள் குமிழ்கள் சுழன்றால் உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது.

பேக்வாஷ் செய்த மறுநாளே முள் ஏறிவிட்டால் குளத்தில் பாசி இருக்கிறது, அல்லது படிகாரம் மணலுக்குள் போயிருக்கிறது. திடீரென்று ஒரேயடியாக ஏறினால் அழுக்கைக் குறை சொல்லாமல், குளத்துக்குத் திரும்பும் குழாயில் யாராவது வால்வை மூடிவிட்டார்களா என்று பாருங்கள். அழுத்தம் மாதக்கணக்கில் ஏறவே இல்லை, தண்ணீர் மட்டும் மங்கல் என்றால் ஃபில்டர் எதையும் பிடிக்கவில்லை என்று அர்த்தம்: மணலில் சந்து விழுந்திருக்கிறது, கார்ட்ரிட்ஜ் கிழிந்திருக்கிறது, அல்லது ஸ்பைடர் கேஸ்கெட் தேய்ந்து தண்ணீர் மணலைத் தொடாமலே சுற்றி வருகிறது. கேஸ்கெட்டில் தொடங்குங்கள், வால்வின் திருகுகளைக் கழற்றினால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மணலைத் தோண்டுவது அதற்குப் பிறகு.